வைத்தியர் வில்லியம் விதரிங்

மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த திருவள்ளுவனார், அதனை முடிக்குமிடத்து, நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து ஊட்டிப் பேணுபவன் என நான்கு உறுப்புக்களை எண்ணிக் காட்டினார். இந்நான்கனுள் முதல் மூன்றையும் உலகம் நன்கறியும். நோயாளியின்பால் இரக்கமும், வைத்தியனிடத்து மதிப்பும், மருந்தின்மீது நம்பிக்கையும் யாவர்க்கும் இயல்பாகவே எழுவன. நான்காமவனாகிய உழைச்செல்வானையோ பெரும்பாலோர் நினைப்பதில்லை. இரவெல்லாம் கண்விழித்து, மூச்சு எவ்வாறு ஓடுகின்றது, நாடி எத்தனை முறை அடிக்கின்றது, உண்டது என்ன, கழிந்தது என்ன என்று பார்த்திருப்பவன் அவனே. அவனுக்குரிய விழிப்பைத் தமக்கும் உரியதாக மேற்கொண்டு, அவ்விழிப்பினாலேயே கொல்லும் நஞ்சொன்றைக் காக்கும் மருந்தாக்கிய ஒரு பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றேன். அவர் 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டிலே வாழ்ந்த வைத்தியர் வில்லியம் விதரிங் என்பார்.

நோயின் இயல்பு

பரிசுத்த லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரத்திலே, பரிசேயர் தலைவன் ஒருவனுடைய வீட்டில், ஓய்வுநாளன்று, நம் ஆண்டவர் ஒரு நோயாளியைச் சொஸ்தமாக்கியதை நாம் வாசித்திருக்கின்றோம். அம்மனிதனைப் பற்றியிருந்த பிணியை நம் வேதாகமத் தமிழ் நீர்க்கோவை வியாதி என்று பெயரிட்டழைக்கின்றது. உடம்பிலே நீர் கோத்துக் கால் வீங்கி, வயிறு பருத்து, மூச்சு முட்டும் நிலையே அது. பண்டை வைத்தியர்கள் அதனைத் தனி நோயென்றே கருதினர். ஈரலும் சிறுநீரகமும் கெடுவதாலும் உடம்பில் நீர் தேங்குவதுண்டு. ஆயினும் பலரிடத்து அதற்குக் காரணம் இருதயத்தின் தளர்ச்சியே என்பதை இன்று அறிவோம். இருதயம் தன்பால் வந்த இரத்தத்தை முழுவலியோடு வெளியே செலுத்தமாட்டாமற் போமாயின், மதகடைத்த வாய்க்காலிலே வெள்ளம் பின்னேறி வயலை மூழ்குவிப்பதேபோல, இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களினின்று கசிந்து, காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் தேங்குகின்றது. உடம்பின் பிற உறுப்புக்களுக்கு இரத்தம் குறையவே, சிறுநீரகமும் உப்பையும் நீரையும் வெளியேற்றாமற் பிடித்து வைத்துக்கொள்கின்றது. இவ்வாறு துன்பம் துன்பத்தை வளர்க்கும்.

இந்நோயாளர் படும் வேதனையை அருகிருந்தோரே அறிவர். படுத்தால் மூச்சு அடைக்கும். ஆதலின் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தும், சாளரத்தருகே நாற்காலியில் உட்கார்ந்தும் இரவைக் கழிப்பர். கணைக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து நெடுநேரம் அப்படியே நிற்கும். விதரிங் பிறந்த காலத்தில் இவர்களுக்குச் செய்யப்பட்டவை பேதி மருந்து கொடுத்தலும், இரத்தம் வாங்குதலும், வயிற்றைத் துளைத்து நீர் இறக்குதலுமே. நீர் இறக்கிய சின்னாளில் மீண்டும் ஊறும். வைத்தியர் கைவிட்ட பின்னர் ஏழைகள் ஊர்ப்புறத்து மூலிகைக் கிழவிகளைத் தேடிச் செல்வர்.

இளமையும் கல்வியும்

விதரிங் 1741-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள், ஷ்ராப்ஷயர் மாகாணத்து வெலிங்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் எட்மண்ட் விதரிங் மருந்து கலந்து கொடுக்கும் தொழிலை நடத்தி வந்தவர். உரலும் குழவியும் மருந்துப் புட்டிகளும் நிறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, எவ்வளவு கொடுத்தால் நலம், எவ்வளவு கொடுத்தால் கேடு என்னும் எண்ணம் இளமையிலேயே பழகியிருத்தல் கூடும். தந்தையிடமே தொழில் பயின்று, பின்னர் ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ சர்வகலாசாலையை அடைந்து, 1766-இல் வைத்தியப் பட்டம் பெற்றார்.

அங்கே நிகழ்ந்த ஒன்று மாணவராகிய நமக்குப் பெரிதும் சுவை தருவது. அக்காலத்து வைத்திய மாணவர் தாவர நூலையும் கற்றல் வேண்டும். அதில் முயற்சியுடையார்க்குப் பேராசிரியர் பொற்பதக்கம் பரிசளிப்பதாக அறிவித்திருந்தார். இளைஞர் விதரிங்கோ தம் பெற்றோர்க்கு எழுதிய கடிதமொன்றில், அப்பரிசுங்கூடத் தமக்கு அந்நூலின்மீதுள்ள வெறுப்பைப் போக்கப் போதாதென்று தெரிவித்தார். செடிகொடிகளின் பெயரை உருப்போடுவது அவருக்கு அவ்வளவு கசப்பாயிருந்தது. அவரே பிற்காலத்தில் ஒரு செடியினாற் புகழ் பெற்றார். இன்று நாம் வெறுக்கும் பாடம் நாளை நமக்கு என்ன செய்யும் என்பதை யாரே அறிவார்!

பூக்கள் எழுதிய பெண்மணி

பட்டம் பெற்றபின் விதரிங் ஸ்டாபோர்டு என்னும் ஊரிற் குடியேறி, அங்கு அப்பொழுதுதான் நிறுவப்பட்டிருந்த மருத்துவமனையில் வைத்தியரானார். ஊரோ சிறிது, வருவாயோ குறைவு. அவ்வூரில் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஹெலினா குக்ஸ் என்னும் இளம்பெண்ணும் ஒருத்தி. அவள் பூக்களை ஓவியமாக எழுதுவதில் தேர்ந்தவள். அவளுக்கு எழுதுதற்கு மாதிரியாகும் பொருட்டு, வைத்தியர் தாம் குதிரையேறிச் செல்லும் வழியிலெல்லாம் காட்டுப் பூக்களைப் பறித்து வரலாயினர். பரிசுப் பதக்கம் செய்யமாட்டாததை அன்பு செய்தது. பூவைப் பறிக்கத் தொடங்கியவர் அதன் இதழை எண்ணினார், இலையை ஒப்பிட்டார், இனத்தை வகுத்தார். 1772-இல் அவ்விருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது.

நான்கு ஆண்டுகளின் பின், 1776-இல், பிரிட்டன் தேசத்துத் தாவரங்களையெல்லாம் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டறிஞரின் முறைப்படி வகுத்து, ஆங்கில மொழியிலே பெருநூலொன்றை விதரிங் வெளியிட்டார். இலத்தீன் அறியாதவரும் செடிகளை இனங்கண்டறிய அந்நூல் வழி செய்தது. அவர் காலத்திலேயே அது மறுபதிப்புக்கள் கண்டது. ஒரு வைத்தியரின் கையிலே மருந்துக் குறிப்பும் செடியின் இலக்கணமும் ஒருங்கு சேர்ந்தன. இச்சேர்க்கையின் பயனை மேற்காண்போம்.

பர்மிங்காம் நகரம்

1775-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே, பர்மிங்காம் நகரத்தில் புகழுடன் விளங்கிய வைத்தியர் வில்லியம் ஸ்மால் காலமானார். அவ்விடத்துக்கு வருமாறு விதரிங்குக்கு எழுதியவர் எராஸ்மஸ் டார்வின் என்னும் மூத்த வைத்தியர். உயிர்களின் தோற்றத்தைப்பற்றிப் பின்னாளில் எழுதி உலகப் புகழ் பெற்ற சார்ல்ஸ் டார்வினுக்கு இவர் பாட்டனார். அழைப்பை ஏற்ற விதரிங், மனைவியோடு பர்மிங்காம் சேர்ந்தார். அந்நகரத்தில் நீராவி யந்திரத்தைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட், தொழிலதிபர் மாத்யூ போல்டன், வேதியியல் வல்லுநரும் போதகருமாகிய ஜோசப் பிரீஸ்ட்லி முதலியோர் திங்கட் கழகம் என ஒன்று கூட்டி அறிவு வளர்த்தனர். கூட்டம் முடிந்து இரவில் வீடு திரும்ப நிலவொளி வேண்டுமாதலின், முழுமதியை அடுத்த நாளிலே கூடுவர். அதனாற் பெற்ற பெயரே அது. விதரிங்கும் அக்கழகத்தில் ஒருவரானார்.

செல்வர் பலர் அவரை நாடினர். வருவாய் பெருகியது. எனினும் நாடோறும் ஒரு மணி நேரத்தை ஏழைகளுக்கென ஒதுக்கி, கைம்மாறு பெறாது வைத்தியம் பார்த்தார். அவ்வாறு அவரிடம் ஆண்டொன்றுக்கு 2,000 முதல் 3,000 வரை ஏழை நோயாளர் வந்தனர் என்று அவரே எழுதியிருக்கின்றார். 1779-இல் பர்மிங்காம் பொது மருத்துவமனை திறக்கப்பட்டபோது அங்கும் அவர் வைத்தியராயினர். வெளித்தோற்றத்தில் இறுக்கமும் அடக்கமும் உடையவராகிய அவர், தொழிலில் ஓயாத உழைப்பாளர்.

கிழவியின் மருந்து

1775-ஆம் ஆண்டிலே, நீர்க்கோவைக்கெனக் குடும்பவழியாக வழங்கிவந்த மருந்தொன்றைப்பற்றி அவருடைய கருத்துக் கேட்கப்பட்டது. ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த கிழவியொருத்தி அதனை நெடுங்காலம் மறைபொருளாகக் காத்துவந்தாள் என்றும், தேர்ந்த வைத்தியர் கைவிட்ட நோயாளரிற் சிலர் அவள் மருந்தினாற் பிழைத்தனர் என்றும் தெரிந்தது. மருந்துண்டவர் கடுமையாக வாந்தியெடுப்பர், பேதியாவர். அவ்வாந்தியையும் பேதியையுமே எல்லாரும் கண்டனர். நீர் பெருகிக் கழிந்து வீக்கம் வடிந்ததை யாரும் கருத்தூன்றி நோக்கவில்லை.

கற்றறிந்த வைத்தியர் பலர் இத்தகைய பாட்டி வைத்தியத்தைக் கேட்டு நகைத்து அப்பாற் போயிருப்பர். விதரிங் அவ்வாறு செய்திலர். அக்கலவையில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. தாவர நூலில் வல்லவராதலின், அத்தனையுள்ளும் ஆற்றலுடையது பாக்ஸ்கிளவ் என்னும் ஒன்றே என உணர்தல் அவருக்கு அரிதாயிருக்கவில்லை. நரியின் கையுறை என்பது அவ்வாங்கிலப் பெயரின் பொருள். விரலிற் செருகும் உறைபோன்ற ஊதாநிறப் பூக்கள் நெடுந்தண்டிலே வரிசையாகத் தொங்கும் அழகிய செடி அது. டிஜிடாலிஸ் என்பது அதன் நூற்பெயர். அது நச்சுச்செடி என்பதை ஆங்கில நாட்டு உழவரும் அறிவர். நம் நாட்டு அரளியின் நஞ்சும் அதனோடு ஒரே வகையைச் சேர்ந்ததே. இருதயத்தைப் பற்றி நிறுத்தும் தன்மை இரண்டிற்கும் உண்டு.

அக்கிழவியின் பெயர் எந்நூலிலும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டிலே மருந்து வியாபார நிறுவனமொன்று தன் விளம்பர ஓவியத்தின் பொருட்டு அவளுக்கு ஒரு பெயர் சூட்டியது. அது கற்பனையே என்பதை ஆராய்ச்சியாளர் பின்னர்த் தெளிவித்தனர். பெயரறியாத அவளிடமிருந்தே தமக்கு வழி பிறந்தது என்பதை மறைக்காமல் விதரிங் தம் நூலின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். அதற்குப் பின்னர் ஒரு செய்தி அவருக்கு ஊக்கம் அளித்தது. ஆக்ஸ்போர்டு நகரத்துப் பிரேஸ்நோஸ் கல்லூரியின் தலைவராயிருந்த ஒருவர், பெரிய வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், அச்செடியின் வேரை உண்டு மார்பில் நீர்கோத்த நோயினின்று பிழைத்தார் என்று நண்பராகிய வைத்தியர் ஆஷ் அவருக்குக் கூறினார்.

சோதனைகளும் வேதனைகளும்

அவர் நூலிலே முதலாவதாகக் குறிக்கப்பட்ட நோயாளி, ஏறக்குறைய 50 வயதுடைய ஒரு மனிதர். முன்னர்க் கட்டடத் தொழில் செய்து வாழ்ந்து, பின்னர் வறுமையுற்றவர். மூச்சுத் திணறலும், நீர் தளும்பும் பெருவயிறும், சிறுநீர்க் குறைவும் உடையவராய் 1775-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் வந்தார். பாக்ஸ்கிளவின் பச்சிலையைக் கஷாயமிட்டுக் கொடுக்கவே, பல நாள்வரை குமட்டலும் வாந்தியும் விட்டுவிட்டு வருத்தின. ஆயினும் நீர் மிகுதியாகக் கழிந்தது, மூச்சு எளிதாயிற்று, வயிறு தணிந்தது, பத்து நாளளவில் பசியெடுத்து உண்ணத் தொடங்கினார்.

இவ்வெற்றியிலேயே ஓர் அபாயமும் இருந்தது. நோயாளி பட்ட வாந்தி மருந்தின் குணமா, அளவு மிஞ்சியதன் குற்றமா? தொடக்கத்தில் விதரிங்கும் மிகுதியான அளவையே கொடுத்தார். ஒருமுறை கொடுத்ததன் பயன் வெளிப்படுமுன்னரே மறுமுறையும் கொடுத்தார். அதனாற் சிலர் பெருந்துன்பம் உற்றனர். இவ்வாறு முதற்கண் சோதிக்கப்பட்டோருட் பலர் கட்டணமின்றி வந்த ஏழைகள். ஏழையின் உடம்பிலே புதுமருந்தைச் சோதித்தல் தகுமா என்று இன்று நாம் கேட்போம், கேட்கவும் வேண்டும். நோயாளியின் சம்மதத்தைப் பற்றிய விதிகள் அக்காலத்தில் எழுதப்படவில்லை. விதரிங்கிடத்து நாம் காணக்கூடியது, அவ்வேழைகள் பட்ட துன்பத்தை அவர் வீணாக்கவில்லை என்பதே. ஒவ்வொருவருக்கும் கொடுத்த அளவையும் அதனால் விளைந்ததையும் குறித்துவைத்து, அடுத்தவருக்குக் குறைத்தும் திருத்தியும் கொடுத்தார். செடியின் வலிமை பருவந்தோறும் மாறுதலைக் கண்டு, பூக்கும் காலத்தில் எடுத்த இலையையே கொண்டார். கஷாயத்தை விட்டு, வெந்நீரில் ஊறவைத்த நீரைக் கொடுத்தார். அதனினும் உலர்ந்த இலைப்பொடியே அளவு தப்பாதது எனத் தேர்ந்தார்.

நட்பும் முறிவும்

1776-ஆம் ஆண்டின் நடுவிலே, மூச்சுமுட்டி இறக்கும் தறுவாயில் இருந்த ஒரு பெண்மணியைப் பார்க்க விதரிங் சென்றார். எராஸ்மஸ் டார்வினும் அங்கே உடனிருந்தார். நாடி மிக நலிந்து ஒழுங்கின்றி அடித்தது, கைகள் ஈயநிறமாய்க் குளிர்ந்திருந்தன, படுக்கவும் இயலவில்லை. விதரிங்கின் யோசனைப்படி பாக்ஸ்கிளவ் கொடுக்கப்பட்டது. அவள் பிழைத்தாள்.

இந்நிகழ்ச்சியே பிற்காலத்தில் இருவருக்கும் பகையாயிற்று. டார்வினுடைய மூத்த மகன் சார்ல்ஸ் என்பவன் எடின்பரோவில் வைத்தியம் கற்கையில், 1778-இல், தன் 19-ஆம் வயதில் இறந்தான். புத்திர சோகத்தாற் கலங்கிய தந்தை, மகன் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை 1780-இல் அச்சிட்டபோது, பாக்ஸ்கிளவினாற் குணமடைந்த நோயாளர் சிலருடைய வரலாற்றையும் அதனோடு சேர்த்தார். அதில் விதரிங்கின் பெயர் இடம்பெறவில்லை. அழைத்து வந்த நண்பரே தம் உழைப்பை மறந்தது விதரிங்குக்குப் பெரும் புண்ணாயிற்று. கடிதங்கள் கடுமையாயின, நட்பு முறிந்தது, பின்னர் ஒட்டவேயில்லை. மகனை இழந்த தந்தையின் துயரையும், உழைத்தவரின் மனவருத்தத்தையும் ஒருசேர எண்ணுவார்க்கு இருவர்மீதும் இரக்கமே உண்டாகும். அறிவுடையாரும் புகழின் வாயிலிலே இடறி விழுதல் கூடும்.

1785-ஆம் ஆண்டு நூல்

பாக்ஸ்கிளவின் புகழ் இதற்குள் நாடெங்கும் பரவியது. 1783-இல் எடின்பரோ மருந்து நூலிலும் அது இடம்பெற்றது. அளவறியாதார் பலர் அதனை மனம்போனவாறு கொடுக்கத் தொடங்கினர். அதனாற் பலர் மடிவர் என்றும், பின்னர் மருந்தே நஞ்சென ஒதுக்கப்பட்டு உலகம் ஒரு நன்மையை இழக்கும் என்றும் விதரிங் அஞ்சினார். அவ்வச்சமே அவரை எழுதத் தூண்டியது. பத்தாண்டுக் குறிப்புக்களைத் தொகுத்து, 1785-இல் பாக்ஸ்கிளவைப் பற்றியும் அதன் வைத்தியப் பயன்களைப் பற்றியும் ஒரு நூலை வெளியிட்டார். செடியின் வண்ணப்படம் ஒன்று நூலின் முகப்பை அணிசெய்தது.

தம்மிடம் அம்மருந்து உண்ட 160-க்கு மேற்பட்டோரின் வரலாறுகளை அந்நூலில் அவர் ஆண்டுவாரியாக நிரல்பட எழுதினார். பிழைத்தவரும் அதில் உளர், இறந்தவரும் உளர். நன்மை பெற்றோரை மட்டும் பொறுக்கியெடுத்துக் காட்டியிருந்தால் மருந்துக்கும் தமக்கும் பெரும்புகழ் உண்டாயிருக்கும் என்றும், உண்மையும் அறிவும் அதனை விலக்கின என்றும் முகவுரையிலே குறிப்பிட்டார். நூலின் உயிர்நாடி இவ்வுண்மையே என்பேன். தோல்வியை மறைக்கும் வைத்தியன் அடுத்து வரும் வைத்தியனையும் அதே குழியில் வீழ்த்துவான்.

அவர் வகுத்த விதிகள் தெளிவானவை. உலர்ந்த இலைப்பொடியை வயதுவந்தோர்க்கு 1 முதல் 3 கிரெயின் வரை நாளுக்கு இருமுறை கொடுக்கலாம். ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். குன்றிமணி ஒன்றின் எடையிலும் குறைவு. சிறுநீர் பெருகுதல், குமட்டல் தோன்றுதல், நாடி தளர்தல், வயிறு கழிதல் என்னும் நான்கில் எஃதேனும் ஒன்று தோன்றும் வரையில் மருந்தைத் தொடரலாம். ஒன்று தோன்றிய அக்கணமே நிறுத்திவிட வேண்டும். அளவு மிஞ்சினால் தலைசுற்றும், கண் மயங்கும், பொருள்களெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தோன்றும், நாடி நிமிடத்துக்கு 35 வரையிலும் இறங்கும், குளிர்ந்த வியர்வையும் வலிப்பும் மயக்கமும் தோன்றி மரணமும் நேரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் நம் பழமொழிக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ?

இவ்விதிகளை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். மருந்தைத் தொடர்வதும் நிறுத்துவதும் நோயாளியினிடத்துக் காணும் குறிகளைப் பொறுத்தன. வைத்தியர் நாளுக்கொருமுறை வந்து போவார். தொலைவூராயின் வாரத்துக்கொருமுறையே வருவார். குறி தோன்றும் கணத்தில் அங்கிருப்பவர் யார்? கட்டிலருகே இருக்கும் மனைவியோ, தாயோ, பணிப்பெண்ணோ அன்றோ? அக்காலத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் இல்லை. எனவே விதரிங்கின் மருந்து உயிர்காப்பதும் உயிர்கொள்வதும், நாடியை எண்ணவும் நீரை அளக்கவும் கற்றுக்கொண்ட எளிய கைகளில் அடங்கியிருந்தன.

இறுதி நாட்கள்

1785-இல் அரசாங்க விஞ்ஞானக் கழகமாகிய ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அடுத்த ஆண்டு எட்ஜ்பாஸ்டன் மாளிகையிற் குடிபுகுந்தார். பேரியக் கரியமிலக் கனிப்பொருளை அவர் ஆராய்ந்து விளக்கியமையால், அப்பொருளுக்கு விதரைட் என்று ஜெர்மன் அறிஞர் வெர்னர் பெயரிட்டார். 1791-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பர்மிங்காமில் பெருங்கலகம் மூண்டது. பிரீஸ்ட்லியின் வீடும் நூல்களும் ஆய்வுக் கருவிகளும் தீக்கிரையாயின. கலகக் கூட்டம் எட்ஜ்பாஸ்டன் மாளிகையையும் தாக்கியது. எனினும் அது அழிவினின்று தப்பியது.

பிறர் மூச்சைக் காத்தவருடைய மூச்சை க்ஷயரோகம் பற்றியது. குளிர்காலத்தை வெப்பமான நாட்டிற் கழிக்க எண்ணி, 1792-லும் 1793-லும் போர்ச்சுக்கல் தேசம் சென்றார். நோயுற்ற நிலையிலும் அந்நாட்டு வெந்நீரூற்று ஒன்றின் நீரைச் சோதித்து ஆராய்ச்சியுரை எழுதினார். 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், தம் 58-ஆம் வயதில், பர்மிங்காமிலே உயிர் நீத்தார். எட்ஜ்பாஸ்டன் பழைய கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள அவருடைய நினைவுக்கல்லில் பாக்ஸ்கிளவ் செடி செதுக்கப்பட்டுள்ளது. சுவீடன் ஓவியர் பிரேடா 1792-இல் எழுதிய படத்திலும் அவர் அச்செடியையே கையிலேந்தி வீற்றிருக்கின்றார்.

அவருக்குப் பின்

அவர் அஞ்சியவாறே பின்னர் நடந்தது. அடுத்த நூற்றாண்டில் க்ஷயரோகம், சித்தப்பிரமை முதலிய தொடர்பற்ற நோய்களுக்கெல்லாம் டிஜிடாலிஸைக் கொடுத்தனர், அளவையும் பேணவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெக்கென்ஸி முதலிய வைத்தியர்கள், ஒழுங்கற்றுத் துடிக்கும் இருதயத்தை நிதானப்படுத்துவதில் அதற்குள்ள ஆற்றலை விளக்கினர். 1930-இல் அவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து டிகாக்ஸின் என்னும் தூய பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 1997-இல் வெளியான ஆராய்ச்சியொன்று 6,800 இருதயத் தளர்ச்சி நோயாளரைச் சோதித்து, டிகாக்ஸின் மரண எண்ணிக்கையைக் குறைக்கவில்லை என்றும், நோய் முற்றி மருத்துவமனை சேரவேண்டிய நிலையைக் குறைத்தது என்றும் கண்டது. இன்று வேறு சிறந்த மருந்துகள் முன்னிற்கின்றன. டிகாக்ஸின் சிலர்க்கு மட்டுமே துணைமருந்தாக நிற்கின்றது. சிறுநீரைப் பெருக்க விதரிங் கொடுத்த இலையின் இடத்தை, அச்செயலுக்கென்றே அமைந்த வேறு மருந்துகள் எடுத்துக்கொண்டன.

மருந்து பின்னுக்குச் சென்றது. விழிப்பு பின்னுக்குச் செல்லவில்லை. 1860-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இலண்டனில் செவிலியர் பள்ளியை நிறுவியபின், நோயாளியை உற்றுநோக்குதல் ஒரு கல்வியாகவே வளர்ந்தது. இன்று டிகாக்ஸின் கொடுக்குமுன் செவிலி, ஒழுங்கற்ற துடிப்பு மணிக்கட்டு நாடியில் தப்பிவிடுமாதலின், இடமார்பில் குழல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் துடிப்பை எண்ணுகின்றாள். வயதுவந்தோர்க்கு 60-க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்திவைத்து வைத்தியருக்கு அறிவிக்கின்றாள். பசியின்மை, குமட்டல், மஞ்சட் பார்வை உண்டா என்று வினவுகின்றாள். இவை 1785-ஆம் ஆண்டு நூலிலே எழுதப்பட்ட குறிகளே. நாடோறும் காலையில் நோயாளி சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன், ஒரே தராசில் எடை பார்க்கின்றாள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம் எடையுள்ளதாதலின், கால் வீங்குமுன்னரே தராசு எச்சரிக்கும். மூன்று நாட்களில் 2 கிலோகிராமுக்கு மேல் எடை ஏறுமாயின் வைத்தியரை நாடல் வேண்டும். பருகியதையும் கழிந்ததையும் அளந்து எழுதுகின்றாள். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைக்கின்றாள். வீங்கிய தோல் எளிதிற் புண்ணாகுமாதலின் அதனைக் காக்கின்றாள்.

வீடு திரும்பியபின் இக்கடமை நம்முடையதாகின்றது. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் உப்பின் கருவூலங்கள். அவற்றை விரும்பும் முதியோரை அன்போடு தடுப்பவர் வேண்டும். இரவிலே தலையணை ஒன்று இரண்டானதையும், இரண்டு மூன்றானதையும் கவனிப்பவர் வேண்டும். அது மூச்சின் துன்பம் வளர்வதற்கு அறிகுறி. வைத்தியர் அதனை அறியார், வீட்டிலுள்ளோர் சொன்னாலொழிய.

செவிலி என்னும் சொல்லை நம் சங்க இலக்கியங்கள் தலைவியை வளர்த்த தாய்க்கு வழங்கின. மகளின் நடையிலும் பேச்சிலும் தோன்றும் சிறு மாற்றத்தையும் முதலில் உணர்பவள் அவளே. நோயாளியைப் பேணுவோர்க்கு இக்காலத் தமிழ் அப்பெயரையே சூட்டியது மிகப் பொருத்தம். எழுத்தறியாக் கிழவியிடமும் கற்றுக்கொண்டு, தம் தோல்விகளையும் மறையாது எழுதி, கொடுக்குமளவினும் நிறுத்தும் வேளையே பெரிதென உலகிற்கு உணர்த்திய விதரிங், வைத்தியராயினும் அச்செவிலித் தன்மை வாய்ந்தவர். நம் கல்லூரியிலிருந்து வைத்தியத்துக்கும் செவிலித் தொழிலுக்கும் செல்வோர் சிலராகலாம். ஆயின் நோயுற்ற தந்தையோ தாயோ பாட்டியோ இல்லாத வீடு இல்லை. ஆண்டவர் நீர்க்கோவையுற்றோனை ஓய்வுநாளிலும் சொஸ்தமாக்கினார். அன்பின் விழிப்புக்கு ஓய்வுநாள் இல்லை என்பதை நாமும் உணர்ந்து, உழைச்செல்வார் ஆவோமாக.